வரிச்சலுகையைப் பறிக்கச் சொல்வதா, வைத்துக்கொண்டு கேட்பதா? வன்னியிலிருந்து ஓர் ஒப்பீடு

மனித உரிமை போன்ற விடயங்களில் இலங்கை கொடுத்த வாக்குக்குப் பதிலாக, இலங்கைப் பொருட்களை வரியின்றி உள்ளே விட ஐரோப்பிய ஒன்றியம் தரும் ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகை தொடர வேண்டுமா என்ற கேள்வி, ஒவ்வொரு மீளாய்வின்போதும் தமிழர்களை இரண்டாகப் பிரிக்கிறது. பறித்தால்தான் கொழும்பு அசையும் என்கிறது ஒரு பக்கம். பறித்தால் முதலில் அடிபடுவது எங்கள் பிள்ளைகளின் சம்பளம் என்கிறது மற்றப் பக்கம். இலண்டனிலும் பாரிசிலும் இருக்கிற உறவுகள் இதைப் பற்றி எங்களிடம் கேட்கிறார்கள், சில வேளை எங்கள் பெயரிலேயே பேசவும் செய்கிறார்கள். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒரு சங்கத்தில் இருந்துகொண்டு, ஒரு மனுவில் கையெழுத்துப் போடலாமா என்று யோசிப்பவரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சலுகையை முழுதாகப் பறிக்கச் சொல்லும் மனுவில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். எந்தக் கேள்வியும் கேட்காமல் நீட்டிக்கச் சொல்லும் மனுவிலும் போட மாட்டேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. அது ஏற்கெனவே ஒருமுறை இந்த நாட்டிலேயே பலன் தந்திருக்கிறது. அதற்கு வருமுன் பிரித்தானியாவைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஒரு வர்த்தக ஏற்பாட்டை விட்டு வெளியே போனால் என்ன நட்டம் வரும் என்று ஒரு நாடே ஊர் கூடிச் சண்டை பிடித்து, பிறகு வெளியே போயும் காட்டிய அனுபவம் அது.

2016 ஜூன் 23ஆம் திகதி வாக்கெடுப்பில் 51.9 வீதத்தினர் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகலாம் என்றார்கள், 48.1 வீதத்தினர் இருக்கலாம் என்றார்கள். அதற்கு முந்திய மாதங்களில் எண்களே ஆயுதமாக இருந்தன. ஏப்ரலில் பிரித்தானிய நிதியமைச்சு ஓர் அறிக்கை விட்டது: விலகினால் 2030 அளவில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஆண்டுக்கு 4,300 பவுண் இழப்பு. மே மாதத்தில் இன்னோர் அறிக்கை: விலகுவது என்று வாக்களித்தாலே நாடு உடனடியாகப் பின்னடைவுக்குள் போகும், இரண்டு ஆண்டுகளில் 5 இலட்சம் வேலைகள் போகும். விலகல் அணியினர் தங்கள் பேருந்தில் வாரத்துக்கு 35 கோடி பவுண் ஐரோப்பாவுக்குப் போகிறது என்று எழுதி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். கட்டணத்திலிருந்து கழிக்கப்படும் தள்ளுபடியை அந்த எண் சேர்க்கவில்லை. அது மக்களைத் தவறான பக்கம் கொண்டுபோகும் எண் என்று அந்த நாட்டின் புள்ளிவிபர அதிகாரசபையே கண்டித்தது. பொருளியலாளர்களில் மிகப் பெரும்பாலானோர் விலகுவது நட்டம் என்றார்கள். பற்றிக் மின்போர்ட் போன்ற சிலர் இலாபம் என்று கணக்குக் காட்டினார்கள். அமைச்சராக இருந்த மைக்கேல் கோவ், மக்களுக்கு நிபுணர்கள் போதும் போதும் என்றாகிவிட்டது என்ற பொருளில் பேசினார்.

அப்புறம் என்ன நடந்தது? மே மாத அறிக்கை பொய்த்துப் போனது. பின்னடைவு வரவில்லை, வேலையின்மை கூடாமல் குறைந்தது. முடிவு வந்த மறுநாளே நடந்தது ஒன்றுதான்: டொலருக்கு எதிராகப் பவுண் ஏறக்குறைய 8 வீதம் விழுந்தது. உண்டியலிலோ வங்கியிலோ இலண்டன் காசு எடுக்கும் வன்னிக் குடும்பங்கள்கூட அதை உணர்ந்திருக்கும். மற்றபடி கடைகள் திறந்திருந்தன, ஆட்கள் வேலைக்குப் போனார்கள். பயமுறுத்தினார்களே, ஒன்றும் நடக்கவில்லையே என்று விலகல் அணி சொன்னபோது மக்கள் நம்பினார்கள்.

ஆனால் அந்த நேரம் பிரித்தானியா இன்னும் வெளியே போயிருக்கவில்லை. சட்டப்படி விலகியது 2020 ஜனவரி 31. வர்த்தக விதிகள் உண்மையில் மாறியது அந்த ஆண்டு கடைசி நாளில். இரு தரப்பும் வரியோ கோட்டாவோ இல்லாத ஒப்பந்தம் ஒன்றைச் செய்துகொண்டன. அப்படியிருந்தும் வரியில்லாத பொருளுக்குச் சுங்கப் பத்திரம் வேண்டியிருந்தது, உணவுப் பொருளுக்குச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டியிருந்தது, எங்கே செய்யப்பட்டது என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. பெரிய கம்பனிகள் ஆட்களை வைத்து அந்த வேலையைச் செய்தன. மாதத்துக்கு இரண்டு மூன்று பொதி அனுப்பிக்கொண்டிருந்த சின்ன வியாபாரிகள் பலர் ஐரோப்பாவுக்கு அனுப்புவதையே விட்டுவிட்டார்கள். பிரித்தானியாவின் சுயாதீன வரவுசெலவு அலுவலகம், விலகாமல் இருந்திருந்தால் இருக்கக்கூடிய நிலையோடு ஒப்பிட்டால் நாட்டின் உற்பத்தித்திறன் நீண்டகாலத்தில் 4 வீதம் குறைவாக இருக்கும் என்று கணிக்கிறது. ஏற்றுமதி இறக்குமதி 15 வீதம் குறைவாக இருக்குமாம். கொரோனாவும் எரிசக்தி விலையும் இடையில் வந்ததால் இந்த எண்களோடு வாதிடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இழப்பு வந்த திசையோடு வாதிடுபவர்கள் குறைந்துவிட்டார்கள்.

இதில் மீனவர்களின் கதையை நான் முக்கியமாக எடுக்கிறேன், ஏனென்றால் எங்கள் கரையோரமும் மீன்பிடியால் வாழ்வதுதான். விலகலை மிக உறுதியாக ஆதரித்த தொழிலாளர்களில் பிரித்தானிய மீனவர்களும் சேர்த்தி. தங்கள் கடலில் வெளிநாட்டுப் படகுகள் அள்ளிக்கொண்டு போகின்றன என்ற கோபம் அவர்களுக்கு. முல்லைத்தீவிலும் மன்னாரிலும் இந்திய இழுவைப் படகுகளைப் பார்க்கிற எவருக்கும் அந்தக் கோபம் புரியும். கடைசியில் 2021 தொடக்கத்தில் சில கடற்பகுதிகளில் பிடித்த உயிர்ச் சிப்பிகளைச் சுத்திகரிக்காமல் ஐரோப்பாவுக்கு அனுப்ப முடியாமல் போனது. மூன்றாம் நாட்டுக்கான சுகாதார விதி அது. ஒன்றியத்துக்குள் இருந்தவரை அவர்களைத் தொடவில்லை. அவர்களுடைய கோபம் நியாயமானது. அந்தக் கோபத்துக்குத் தரப்பட்ட மருந்துதான் அவர்கள் சந்தையையே அடைத்தது.

நான் இதிலிருந்து எடுக்கிற பாடம், நிபுணர்கள் சொன்னால் நம்பு என்பதல்ல. அந்தச் சண்டையில் இரண்டு வேறு வேறு கணிப்புகளை ஒன்றாகக் கலந்துவிட்டார்கள். நாளைக்கே இடி விழும் என்றது ஒன்று, பத்து ஆண்டில் மெல்லத் தேயும் என்றது மற்றது. முதலாவது பொய்த்ததும் இரண்டாவதையும் மக்கள் தூக்கி எறிந்தார்கள். மெல்லத் தேய்வதைக் கண்ணால் காண முடியாது. மூடிய தொழிற்சாலையைப் படம் எடுத்துப் போடலாம். வராமல் போன ஓடரை எப்படிப் படம் எடுப்பது?

இனி எங்கள் விடயம். முதலில் ஒரு வித்தியாசத்தைச் சொல்ல வேண்டும். பிரித்தானியா தானாக வாக்களித்து விலகியது. ஜி.எஸ்.பி. பிளஸ் நாங்கள் அங்கத்துவம் பெற்ற கூட்டமைப்பு அல்ல. மனித உரிமை, தொழிலாளர் உரிமை, சூழல், நல்லாட்சி பற்றிய 27 சர்வதேச உடன்படிக்கைகளை நடைமுறைப்படுத்துவோம் என்று இலங்கை கொடுத்த வாக்குக்குப் பதிலாக, பிரசல்ஸில் இருக்கிற ஒன்றியத் தலைமை தருகிற சலுகை. அவர்கள் தருவார்கள், அவர்கள் எடுப்பார்கள், எங்களுக்கு அங்கே வாக்கு இல்லை. எங்களிடம் இருப்பது குரல் மட்டும்தான். அந்தக் குரல் என்ன கேட்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் விடயம்.

பறிக்கச் சொல்பவர்களின் வாதத்தை நான் இலேசாக எடுக்கவில்லை. கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டமாகக் குந்தினார்கள். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் அடுத்தடுத்துத் தொடங்கினார்கள். பல தாய்மார் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று அறியாமலே இறந்துபோனார்கள். பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் தற்காலிகம் என்று சொல்லிக் கொண்டுவரப்பட்டது. கேப்பாப்புலவு மக்கள் சொந்தக் காணிக்காக இராணுவ முகாம் வாசலில் கிடந்தார்கள். இத்தனைக்கும் பிறகு, வாக்குக் கொடுத்ததற்காகத் தரப்படும் பரிசை, வாக்கைக் காப்பாற்றாத அரசுக்கு ஏன் தொடர்ந்து கொடுக்க வேண்டும் என்று அப்படியொரு தாய் கேட்டால், அதற்கு எதிராகச் சொல்ல என்னிடம் ஒரு நியாயமும் இல்லை.

அவர்களிடம் இன்னொரு பலமான வாதமும் உண்டு. இந்தச் சலுகை ஏற்கெனவே ஒருமுறை பறிக்கப்பட்டது: 2010 ஓகஸ்ட் 15 முதல் 2017 மே வரை. அப்போதும் ஆடைத் தொழில் விழுந்துவிடும் என்று பயமுறுத்தினார்கள். விழவில்லை. 2010இல் சுமார் 335 கோடி டொலராக இருந்த துணி, ஆடை ஏற்றுமதி 2014இல் 490 கோடியைத் தாண்டியது. வன்னிக்கு வந்த கார்மண்ட்ஸ்களில் சில அந்த ஏழு ஆண்டுகளுக்குள்ளேதான் திறக்கப்பட்டன. அப்படியானால் பயப்பட என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள்.

பிரித்தானியாவில் 2016 கடைசியில் கேட்ட கேள்வியும் இதேதான். மொத்தத் தொகை வளர்ந்தது என்பது உண்மை. ஆனால் யாருடைய கையில் வளர்ந்தது? ஐரோப்பாவில் ஆடைக்கு வழமையான வரி 12 வீதம் வரை. சாதாரண ஜி.எஸ்.பி.யில் அது 9.6 வீதமாகக் குறையும். பிளஸ் இருந்தால் வரியே இல்லை. வங்காளதேசம் பின்தங்கிய நாடு என்ற வகையில் அப்போதும் வரியின்றி அனுப்பியது. அந்த 9.6 வீத இடைவெளியைத் தாங்கக்கூடியவை பெரிய குழுமங்கள்தான். அவை விலை கூடிய உள்ளாடைகளுக்கும் விளையாட்டு உடைகளுக்கும் மாறின, அமெரிக்க ஓடர்களைக் கூட்டின. சின்னத் தொழிற்சாலைகளுக்கு அந்த வசதி கிடையாது. பலது மூடிப்போனது, சில பெரியவற்றின் கைக்குப் போனது. அந்தக் கதை கட்டுநாயக்கவிலும் கம்பஹாவிலும் நடந்ததால் வன்னிக்குத் தெரியவில்லை. இன்று வன்னியிலும் தொழிற்சாலைகள் இருக்கின்றன. அடுத்தமுறை அந்தக் கதை இங்கேயும் நடக்கும்.

பறித்ததால் உரிமைப் பக்கம் என்ன கிடைத்தது என்பதையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் பறிக்கச் சொல்வதே அதற்காகத்தான். 2010இல் ஒன்றியம் 15 விடயங்களில் எழுத்துமூல உறுதி கேட்டது. அன்றைய அரசாங்கம் இறைமையைக் காரணம் காட்டி மறுத்தது. சலுகை போனது. அதற்குப் பிறகும் அந்த அரசாங்கம் பெரிதாக இறங்கி வரவில்லை. இழந்தவற்றை இழந்துவிட்டோம், இனி யாருக்குப் பயம் என்ற மாதிரி நடந்துகொண்டது. மாற்றம் 2015இல் வாக்குச்சீட்டால் வந்தது, சலுகை போன வலியால் வரவில்லை.

அதோடு 2021ஐ ஒப்பிடுங்கள். அந்த ஆண்டு ஜூன் 10ஆம் திகதி ஐரோப்பிய நாடாளுமன்றம், பயங்கரவாதத் தடைச் சட்டத்தைக் குறிப்பிட்டு, சலுகையைத் தற்காலிகமாக நிறுத்துவதைப் பரிசீலிக்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. சலுகை கையில் இருந்தது, போகலாம் என்ற பயமும் இருந்தது. 2022 மார்ச்சில் சட்டத்தில் திருத்தம் வந்தது: குற்றப்பத்திரிகை இல்லாமல் தடுத்துவைக்கும் உச்சக் காலம் 18 மாதத்திலிருந்து 12 மாதமானது. போதாது, மிகவும் போதாது. ஆனாலும் ஏழு ஆண்டு பறித்துவைத்தபோது கிடைக்காத ஒன்று, பறிப்போம் என்று சொன்னபோது கிடைத்தது. பிடித்திருக்கிற கயிற்றைத்தான் இழுக்க முடியும், அறுத்த கயிற்றை இழுக்க முடியாது.

இதைவிடத் தெளிவான சாட்சி மீன் தடை. சட்டவிரோத, கணக்கில் வராத மீன்பிடியைத் தடுக்கவில்லை என்று 2012இல் ஒன்றியம் இலங்கைக்கு மஞ்சள் அட்டை காட்டி எச்சரித்தது. கேட்கவில்லை. 2015 ஜனவரியில் இலங்கை மீனுக்கு ஐரோப்பியத் தடை நடைமுறைக்கு வந்தது. ஆனால் எதற்காகத் தடை, எதைச் செய்தால் நீங்கும் என்பது எழுத்தில் இருந்தது: சட்டத்தைத் திருத்து, ஆழ்கடல் படகுகளுக்குக் கண்காணிப்புக் கருவி பூட்டு, பிடித்த மீனுக்குப் பதிவு வை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பலநாள் படகுகளில் கருவி பூட்டப்பட்டது, சட்டம் திருத்தப்பட்டது, 2016 நடுப்பகுதியில் தடை நீங்கியது. ஒன்றரை ஆண்டுதான். அடி விழுந்தது ஆழ்கடல் பலநாள் படகுத் தொழிலில். ஒருநாள் வலை போடுகிற முல்லைத்தீவு வாடிகளை அது பெரிதாகத் தொடவில்லை. குற்றம் எங்கேயோ அங்கேயே அழுத்தம், நிபந்தனை அளந்து பார்க்கக்கூடியது, நிறைவேறியதும் நிவாரணம். முழுச் சலுகையையும் பறிப்பதில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை.

இப்போது மற்றப் பக்கம். எதையும் கேட்காமல் நீட்டிக்கச் சொல்வது தொழிலதிபர்களுக்கு வசதியான நிலைப்பாடு. அரசியலையும் வியாபாரத்தையும் கலக்காதீர்கள் என்பார்கள். சலுகையே உடன்படிக்கைகளுக்காகத் தரப்படுவது. கலந்துதான் இருக்கிறது, கலந்த பிறகுதான் கொழும்பு அதை வாங்கியது. அதோடு வன்னிக்கு எவ்வளவு வந்தது என்ற கேள்வியும் நியாயமானது. தொழிற்சாலைகளில் பெரும்பாலும் இளம்பெண்கள். அதில் பலர் குடும்பத்தைத் தனியாகச் சுமக்கிறவர்கள். விடியுமுன் கம்பனி பஸ் ஏறி, இருட்டின பிறகு இறங்குகிறார்கள். அடிப்படைச் சம்பளத்தில் நுண்கடன் தவணையும் கட்டி வீட்டையும் பார்க்க முடியாது, ஓவர்டைம் இல்லாவிட்டால் சமாளிக்க ஏலாது. இலாபத்தின் பெரும்பகுதி கொழும்பிலேயே தங்குகிறது. அந்த 27 உடன்படிக்கைகளில் தொழிலாளர் உடன்படிக்கைகளும் இருக்கின்றன, சங்கம் அமைக்கும் உரிமையும் அதில் ஒன்று. இதைக் கேட்காமல் சலுகையை மட்டும் காப்பாற்றக் கேட்பது அந்தப் பெண்களைக் காட்டி மற்றவர்களுக்கு வாங்கிக் கொடுப்பதாகும்.

இன்னும் சிலர், ஐரோப்பாவே வேண்டாம், வேறு சந்தை தேடுவோம் என்கிறார்கள். இதை அதிகம் நீட்ட வேண்டியதில்லை. இந்தியாவுடன் 2000ஆம் ஆண்டு முதல் சுதந்திர வர்த்தக உடன்பாடு இருக்கிறது, ஆனால் ஆடைகளுக்குக் கட்டுப்பாடுகளும் உண்டு. சிங்கப்பூருடன் 2018இலும் தாய்லாந்துடன் 2024இலும் ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஆசியாவின் பெரிய கூட்டமைப்பான ஆர்.சி.இ.பி.யில் சேர இலங்கை விண்ணப்பித்திருக்கிறது. இவை நல்லவைதான். ஆனால் இவற்றில் எதுவும் ஐரோப்பா வாங்குகிற அளவு சட்டையை வாங்காது. இலங்கை ஆடை ஏற்றுமதியில் ஏறக்குறைய 40 வீதம் அமெரிக்காவுக்கும், 30 வீதத்துக்குக் கிட்ட ஐரோப்பிய ஒன்றியத்துக்கும், 15 வீதத்துக்குக் கிட்டப் பிரித்தானியாவுக்கும் போகிறது. அமெரிக்கா 2025 ஏப்ரலில் இலங்கைப் பொருட்களுக்கு 44 வீத வரி என்று அறிவித்து, ஓகஸ்டில் 20 வீதத்துக்கு இறங்கியது. ஒரு சந்தை ஒரு கையெழுத்தில் எப்படி ஆடும் என்று கண்ணால் பார்த்துவிட்டோம். அந்த நேரத்தில் இரண்டாவது சந்தையையும் நாங்களே கெடுக்கச் சொல்வது புத்தியல்ல.

பிரித்தானியா பற்றி ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது என் வாதத்துக்கு எதிராகவும் நிற்கிறது. ஒன்றியத்தை விட்டுப் போன பிறகு அவர்கள் தங்களுக்கென்று ஒரு சலுகைத் திட்டத்தை 2023 ஜூனில் தொடங்கினார்கள். ஐரோப்பிய விதிப்படி, துணி எங்கே நெய்யப்பட்டது என்பதும் பார்க்கப்படும். வெளிநாட்டுத் துணியை வாங்கித் தைக்கிற இலங்கையால் இதனால் சலுகையை முழுதாகப் பயன்படுத்த முடிவதில்லை. பிரித்தானியா 2025இல் தன் திட்டத்தில் அந்த விதியைத் தளர்த்துவதாக அறிவித்தது. துணி எங்கிருந்து வந்தாலும் இங்கே தைத்தால் வரியில்லை. ஒன்றியத்துக்குள் இருந்திருந்தால் அவர்களால் தனியாக இதைச் செய்திருக்க முடியாது. விலகினால் எல்லாமே நட்டம் என்று சொல்பவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனால் அந்த இலாபம் வந்தது எங்களுக்கு. நட்டம் அவர்களுடைய சின்ன வியாபாரிகளுக்குத்தான் விழுந்தது.

நான் எடுத்துக்கொள்ளும் அளவுகோல் இரண்டு. முடிவு பிழையாகப் போனால் திரும்ப எடுக்க முடியுமா? நட்டத்தைச் சுமப்பவரிடம் கேட்டு எடுக்கப்பட்ட முடிவா? பறிப்பது இரண்டிலும் தோற்கிறது. திரும்பப் பெற ஏழு ஆண்டு எடுத்தது, வேறு நாட்டுக்குப் போன வாங்குநர் சலுகை வந்த மறுநாளே திரும்பி வருவதில்லை. மனுவை எழுதுகிறவருக்குச் சம்பளம் பவுணிலோ யூரோவிலோ வருகிறது. அவருடைய அக்கறையை நான் சந்தேகப்படவில்லை, எங்களுக்காக அவர்கள் வீதியில் நின்ற நாட்களை மறக்கவும் மாட்டேன். ஆனால் சம்பளம் போகப் போகிறவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். வன்னியில் தாய் போராட்டக் கொட்டகையிலும் மகள் தையல் மெசினிலும் இருக்கிற வீடுகள் உண்டு. அந்த வீட்டில் இரண்டு பேருடைய கோரிக்கையும் ஒரே மனுவில் இடம்பெற வேண்டும்.

அந்த மனுவில் நான் எழுதுவது இவை. பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவதற்கு ஒரு திகதி. அதன் இடத்தில் வரும் சட்டத்தில் குற்றச்சாட்டின்றித் தடுத்துவைப்பதற்கு இடமில்லை என்ற உறுதி. காணாமல் ஆக்கப்பட்டோர் அலுவலகம் ஒவ்வொரு முறைப்பாட்டிலும் என்ன கண்டுபிடித்தது என்று குடும்பத்துக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். படையினரிடம் உள்ள தனியார் காணிகளின் பட்டியல், பிரதேச செயலகம் வாரியாக, விடுவிக்கும் திகதியோடு. தொழிற்சாலைகளில் சங்கம் அமைக்கும் உரிமை நடைமுறையில் இருக்கிறதா என்று தொழிலாளர்களிடம் நேரடியாக, முகாமையாளர் இல்லாத இடத்தில் கேட்க வேண்டும். இவை நிறைவேறாவிட்டால் அரசு சார்ந்த அல்லது குறிப்பிட்ட துறைப் பொருட்களுக்கு மட்டும் சலுகையை நிறுத்தலாம். ஒன்றியத்தின் விதிகள் சில பொருட்களுக்கு மட்டும் நிறுத்தவும் இடம்தருகின்றன.

நேரமும் அவ்வளவாக இல்லை. இப்போதுள்ள ஐரோப்பியச் சலுகை விதிகள் 2027 முடியும் வரைதான் நீட்டிக்கப்பட்டிருக்கின்றன. உலக வங்கிக் கணக்கில் இலங்கை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து மேல்நடுத்தர வருமான நாடாக இருந்தால் சலுகை தானாகவே போய்விடும். அப்போது இழுக்கக் கயிறே இராது. ஒன்றியத்தின் கண்காணிப்புக் குழு கொழும்பில் அமைச்சர்களையும் வர்த்தகச் சங்கங்களையும் மட்டும் சந்தித்துவிட்டுப் போகாமல் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வரவேண்டும் என்று இப்போதே எழுதுங்கள். கடிதத்தில் மாதர் சங்கமும், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கமும், உறவுகளின் அமைப்பும், தொழிற்சாலைப் பெண்களும் சேர்ந்து கையெழுத்துப் போடட்டும்.